நூலில் கோத்த புழுக்கை

அன்று காலை மாப்பிள்ளையின் மூலையில் ஒரு புழுக்கைகூட இல்லை.

மாப்பிள்ளை என்பது முயல். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். நான் எழுதுவது வீட்டில் முயல் வைத்திருப்பவர்களுக்கு. அதிலும், காலையில் எழுந்து வந்து கூண்டைப் பார்த்து, என்னமோ சரியில்லையே என்று குனிந்து தேடுகிறவர்களுக்கு. மற்றவர்கள் போய் போனில் முயல் வீடியோ பார்த்துக் கொஞ்சலாம். அதில் புழுக்கை வராது.

முயல் நாள் முழுக்கத் தின்னும், நாள் முழுக்கப் போடும். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் நின்றால் ஆபத்து. ஒரு நாள் நின்றால் பெரும்பாலும் முடிந்தது கதை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளையும் அதன் ஜோடியும் எங்கள் வீட்டுக்கு வந்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். அங்கே பெரிய இடத்து ரிசப்ஷன் ஒன்று நடந்தது. மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார, காலடியில் புல் மாதிரி பச்சை விரிப்பு போட்டு, அதில் இரண்டு முயல்களை விட்டிருந்தார்களாம். எல்லாம் போட்டோவுக்காக. அத்தனை விளக்கிலும் மேளத்திலும் அந்த ஜீவன்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க, வந்த ஜனமெல்லாம் "எவ்ளோ சமத்தா இருக்குது பாரு" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டதாம். பயத்தில் விறைத்துப்போவதைச் சமத்து என்று நினைக்கிற கூட்டம் அது. அதற்கு மூன்று வகைப் பாயசம் வேறு.

மறுநாள் மண்டபத்தைக் கழுவ வந்த அம்மா, எச்சில் இலைத் தொட்டிக்குப் பின்னால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறார். அலங்காரக்காரரைக் கேட்டால் பெண் வீட்டிடம் கொடுத்துவிட்டேன் என்றாராம். பெண் வீட்டைக் கேட்டால் அது அலங்காரத்தோடு சேர்ந்தது, எங்களுக்கு என்ன தெரியும் என்றார்களாம். வாடின பூவை வாரிக் கொட்டியதுபோல் உயிரையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தூ!

அந்த அம்மா அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு நேராக என்னிடம் கொண்டுவந்துவிட்டார். ஏன் என்னிடம் என்று கேட்டதற்கு, "நீதான் எல்லாரையும் திட்டிக்கினே இருப்ப, ஆனா செய்வ" என்றார்.

சென்னையில் இதுபோன்ற பிராணிகளை மீட்கும் குழு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு போன் செய்தேன். ஒரு சின்னப் பெண் பேசினாள். "ஆன்ட்டி, எங்ககிட்ட இடமே இல்ல. ஒரு நாலு நாள் மட்டும் ஃபாஸ்டர் பண்ணுங்க, ப்ளீஸ்" என்றாள். ஃபாஸ்டர் என்றால் நமக்கே நமக்கு என்று வளர்ப்பது இல்லையாம். நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்துக் காப்பாற்றுவதாம். அந்த நாலு நாள் ஐந்து மாதம் ஆனது. அன்று போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். "அது ரெண்டும் ஜோடி ஆன்ட்டி. ஒண்ண விட்டு ஒண்ணு இருக்காது. பிரிச்சிடாதீங்க." கல்யாணமான புதிதில் எங்களைப் பற்றியும் இப்படித்தான் நாலு பேர் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக். முழு வெள்ளையாக இருந்தது பொண்ணு. காது மட்டும் பழுப்பாக இருந்தது மாப்பிள்ளை. "அந்த மண்டபத்துல அன்னிக்கு உருப்படியான ஜோடி இது ஒண்ணுதான்" என்றார். அவர் சொன்னதில் நான் ஒத்துக்கொண்ட சில விஷயங்களில் இது ஒன்று.

என் வேலை குஞ்சம் கட்டுவது. பட்டுப் புடவையின் முந்தானை ஓரத்தில் விட்டிருக்கும் இழைகளைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, நுனியைச் சமமாக வெட்டுவது. கடைகளிலிருந்து புடவை வரும், கட்டிக் கொடுப்பேன். வெட்டின நூல் வீடு முழுக்கப் பறக்கும். சோற்றில் கிடக்கும், தலையில் கிடக்கும். அதை நாங்கள் குப்பையாகவே நினைப்பதில்லை. பட்டு நெய்யும் இந்த ஊரில் அதைத் தலையணைக்குள் திணிப்போம், விளக்கு துடைப்போம், பிள்ளைக்குப் பொம்மை செய்வோம்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். முயல்களுக்குப் படுக்கை, வெட்டின பட்டு நூலால். இரண்டு கை அள்ளி உதறிப் பரப்பிவிட்டேன். மெத்தென்று இருந்தது. "பட்டுல படுக்கற மொசலு இந்த உலகத்துலயே இது ரெண்டுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன். பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, குடுத்து வெச்சதுங்க என்றார்கள். ஒருத்தருக்காவது இது தப்பு என்று தோன்ற வேண்டுமே. பட்டு எங்கள் கண்ணை மறைத்துவிடும்.

அந்தக் காலை மாப்பிள்ளை ஒரு ஓரமாக, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் நாள் வைத்த அகத்திக்கீரை அப்படியே கிடந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. பொண்ணு அதன் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தது.

பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு முதலில் கண்ணில் பட்ட கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவர் பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மாடுன்னா சொல்லுங்க, ஆடுன்னா சொல்லுங்க. மொசலுக்கெல்லாம் யாருமா வைத்தியம் பாக்கறாங்க? போனா போவுது, புதுசா ரெண்டு வாங்கிக்கோங்க" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, "இன்னொண்ணுக்குத் தொத்திக்கப் போவுது, தனியா வைங்க" என்று இலவச ஆலோசனையும் கொடுத்தார். படித்த முட்டாளுக்கும் படிக்காத முட்டாளுக்கும் ஒரே வித்தியாசம், படித்தவர் சொன்னால் நாம் கேட்டுத் தொலைக்கிறோம்.

நானும் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையைச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். மத்தியானம் பார்த்தால், வெளியே இருந்த பொண்ணு கதவுப் பக்கம் மூஞ்சியை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. அதுவும் கீரையைத் தொடவில்லை. அதன் மூலையும் காலி.

சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்து கத்தினேன். நாலு நாள் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டு நீ அங்கே ஏசியில் உட்கார்ந்திருக்கிறாயா என்றெல்லாம் கேட்டேன். அவள் நான் மூச்சு விடும்வரை காத்திருந்து, வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரு டாக்டரம்மா முயல் பார்ப்பார் என்று வழி சொன்னாள். "ரெண்டையும் ஒரே பெட்டில போட்டு எடுத்துக்கினு போங்க ஆன்ட்டி. இப்பவே" என்றாள். வீட்டுக்காரர் டிப்போவில் பர்மிஷன் போட்டுவிட்டு வண்டி எடுத்தார்.

டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். மாப்பிள்ளையின் வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தார். குடல் தேக்கம் (குடலின் அசைவு நின்று, தின்றதெல்லாம் அங்கேயே தங்கி, வாயு சேர்ந்து வலிப்பது) என்று சொன்னார்.

"மனுசன்னா வாந்தி எடுத்துடுவான். மொசலுக்கு வாந்தியே வராது. உள்ள போனது பின்னாடி வழியா வந்தாத்தான் உண்டு" என்றார். "என்னத்தைத் தின்னுச்சு?"

"கீரை, புல்லு."

"வேற?"

அப்போதுதான் அவர் பெட்டியின் அடியில் நான் பரப்பியிருந்ததைப் பார்த்தார். ஒரு இழையை இரண்டு விரலால் தூக்கினார். அரக்கு நிறம். முந்தின வாரம் கட்டின கல்யாணப் புடவையின் நூல்.

"இது இன்னாதும்மா?"

"பட்டு" என்றேன். அந்த இடத்திலும் என் வாயில் ஒரு துளி பெருமை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த இழையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "தன்ன நக்கும், ஜோடிய நக்கும், நூலும் சேந்தே உள்ள போவும். இது கரையாதும்மா" என்றார்.

கல்யாண வீட்டை, அலங்காரக்காரரை, மாட்டு டாக்டரை எல்லாரையும் வாய் வலிக்கத் திட்டியவள் நான். முயலைச் சாகடிக்கப் பார்த்தது அவர்கள் யாரும் இல்லை.

முழு அடைப்பு என்றால் ஆபரேஷன், அதில் பெரும்பாலும் பிழைக்காது என்றார். அடைப்பு முழுசாக இல்லை, ஓரமாகக் கொஞ்சம் வழி இருக்கிறது போலத் தெரிகிறது, முயற்சி செய்வோம் என்றார். வலிக்கு ஊசி போட்டார். தோலடி நீர் (நரம்பில் ஏற்றாமல் தோலுக்குக் கீழே ஏற்றும் உப்பு நீர்) ஏற்றினார். பிடரியில் அது ஒரு கோலிக்குண்டு மாதிரி வீங்கி மெல்ல வடிந்தது. இரண்டையும் யார் பிரிக்கச் சொன்னது என்று கேட்டு, சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "இது படுத்தா அது படுக்கும். அது பக்கத்துல இருந்தா இது எழுந்துக்கும். மருந்துல பாதி அதுதான்."

பெட்டிக்குள் திருப்பி விடும்போது இன்னொன்றும் சொன்னார். "மாப்பிள்ளையும் பொண்ணுதாம்மா. ரெண்டுமே பொட்டை."

என் வீட்டுக்காரர் ரொம்ப யோசித்து, "பரவால்ல டாக்டர். பேரு வெச்சாச்சு" என்றார்.

அடுத்த மூன்று நாட்களை நான் மறக்க மாட்டேன். மூன்று மணிக்கு ஒருமுறை, ஊசியில்லாத சிரிஞ்சால், அரைத்த புல் கூழைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். பிறகு வயிற்றை முன்னிருந்து பின்னாக நீவிவிட வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் கூழை என் முகத்தில் துப்பியது. கடைக்காரர்கள் புடவை எங்கே என்று போன் செய்தார்கள். "மொசலுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். ஒருத்தர் சிரித்தார். அவர் கடைக்கு அதற்கப்புறம் நான் குஞ்சம் கட்டுவதில்லை.

என் வீட்டுக்காரர் முதல் நாள், "இன்னாடி இது, நமக்கு ஜுரம் வந்தாக்கூட ஒரு மாத்திரையோட முடிச்சிடுவ" என்று நக்கல் அடித்தார். இரண்டாம் நாள் பார்க்கிறேன், தரையில் குப்புறப் படுத்து மாப்பிள்ளையின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டிருக்கிறார். பஸ் இன்ஜினுக்குக் காது கொடுப்பாரே, அதே முகம்.

"கேக்குதுடி" என்றார்.

"இன்னா கேக்குது?"

"உள்ள ஸ்டார்ட் ஆயிருக்குது. விட்டு விட்டு அடிக்குது."

நானும் காதை வைத்தேன். குளுக், குளுக் என்று தூரத்தில் ஏதோ நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொண்ணு எங்கள் இரண்டு தலைகளுக்கும் நடுவில் மூஞ்சியை நுழைத்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல் முட்டித் தள்ளியது.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு வந்தது. ஏழு புழுக்கை. சின்னச் சின்னதாக, கறுப்பாக, ஒன்றோடொன்று அரக்கு நூலில் கோத்து. மணிமாலை மாதிரி இருந்தது. அதைக் காகிதத்தில் பொதிந்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்குப் போதும். சாயம்கூடப் போகவில்லை. எங்கள் ஊர்ப் பட்டின் தரம் அப்படி.

பிழைத்துவிட்டது. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா, "அம்மா, நூல் இருக்கற வீட்ல இது ரெண்டும் இருக்கக் கூடாது" என்றார். படுக்கையை எடுத்துவிட்டேனே என்றேன். என் முந்தானையைக் காட்டினார். அதில் நாலு நிறத்தில் இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குள் இரண்டும் எனக்கு என்னவாகவோ ஆகியிருந்தன, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சமையலறையை முயல்களுக்கென்று ஒதுக்கினேன். புடவை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன். நாளுக்கு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தேன். பின்கட்டில் விடலாம் என்றால் குரங்கு வரும். இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் பொண்ணின் உதட்டோரம் என்னமோ மின்னியது. பிடித்து இழுத்தேன். விரல் நீளத்துக்கு ஜரிகை வந்தது.

குஞ்சம் கட்டாமல் எங்கள் வீடு நடக்காது. அப்படியானால் போக வேண்டியது யார் என்று எனக்கே தெரிந்தது. உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு சென்னைப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் போட்டோ போட்டாள். அதன் கீழ் நான் சொன்னபடி ஒரு வரி போட்டாள்: கொடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தான், இல்லாவிட்டால் இல்லை.

வந்தார்களே ஒரு கூட்டம்! வெள்ளை மட்டும் போதும், பழுப்புக் காது வீட்டுக்கு ஆகாது என்று ஒருத்தர். மகளின் பிறந்தநாள் மத்தியானம் வரைக்கும் கிடைக்குமா என்று ஒருத்தர். குட்டி போடுமா என்று கேட்டு, இரண்டும் பெண் என்றதும் போனை வைத்தவர் நாலு பேர். எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டவரிடம் உன் எடை எவ்வளவு என்று கேட்டேன். ரீல்ஸ் எடுக்க வந்த ஒரு பெண், என் வீட்டுக் கதவருகே நின்று முத்தம் கொடுப்பதுபோல் வாயைக் குவித்தாள். முயலுக்கு இல்லை, போனுக்கு.

என் நாத்தனார் வந்தது இதற்கெல்லாம் உச்சம். "ரெண்டு எதுக்கு அண்ணி? ஒண்ணக் குடுங்க, நல்லா பாத்துக்கறேன். உள்ளூர்தானே, வாரம் ஒருக்கா ரெண்டும் பாத்துக்கட்டும்" என்றாள். ஜெயிலில் மனுப் போட்டுப் பார்ப்பது மாதிரி! ஆனாலும் அவள் வீடு சுத்தமான வீடு, நூல் இல்லாத வீடு. வேறு நல்ல இடம் வராத அந்த மூன்றாவது வாரத்தில், ஒன்றாவது பத்திரமாக இருக்குமே என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. சாத்திய கதவுக்கு வெளியே பொண்ணு கிடந்த கிடை ஞாபகம் வந்தது. முடியாது என்றேன். இன்றுவரை அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கடைசியில் வந்தவள் அஞ்சலை. முசரவாக்கத்துக்காரி. ஆடு வளர்க்கிறாள். கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டும் விற்பாள். ஒரே ஒரு கட்டு வாங்கி மாட்டின் வாயில் திணித்துப் புண்ணியம் தேடி ஓடுகிறவர்களுக்கு நடுவே தினமும் இரண்டு கட்டு வாங்கும் என்னைப் பார்த்து, "வூட்ல மாடு இருக்குதாக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த நாளே வந்துவிட்டாள்.

வந்தவள் முயலைக் கொஞ்சவில்லை. மூலையில் கிடந்த ஒரு புழுக்கையை எடுத்தாள். விரலால் நசுக்கினாள், மோந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, இவ்ளோ சிறுசா போடுது? புல்லு பத்தல. கீரைய குடுத்துக் குடுத்துக் கெடுத்து வெச்சிக்கிறீங்க" என்றாள்.

இத்தனை நாளில் இத்தனை பேர் வந்தார்கள். புழுக்கையைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நீ ஆட்டை விக்கிறவ. இத வெட்டிட மாட்டன்னு நான் எப்டி நம்பறது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் புழுவாகிப் போனேன். "வெட்றதுக்கு வூட்ல ஆடு நிக்கிது. இத வெட்டினா ஒரு வேளைக்குத் தேறுமா?" என்றாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். "எந்தக் குட்டியும் எங்கிட்ட ஒரு வருசத்துக்கு மேல நிக்கிறதில்லக்கா. பேரு வெக்கறதே இல்ல. நிக்கிற மாதிரி ரெண்டு வேணும்."

பெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். புதுப் புல் மட்டும் பரப்பியிருந்தேன். கொடுத்த கையோடு, முயலைத் தூக்கிக் கொடுத்தவர்கள் வரிசையில் கல்யாண வீட்டுக்கும் அலங்காரக்காரருக்கும் பின்னால் நானும் போய் நின்றேன். காரணம் நல்ல காரணம்தான். முயலுக்குக் காரணம் தெரியுமா என்ன?

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. என் நாள் இன்னும் மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான் ஓடுகிறது. எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து. அந்த நேரம் வந்தால் கை தானாகச் சிரிஞ்சைத் தேடும். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வயிறு கடமுடா என்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். என் உடம்பையும் அப்படித்தான் கேட்கிறேன். ஐம்பது வருடமாக எனக்குள் ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு நாளும் நான் அதற்கு மரியாதை செய்ததில்லை. வெட்டின நூல் இப்போது மூடி போட்ட டப்பாவுக்குள் போகிறது. நீங்களும் உங்கள் வீட்டுத் தரையை ஒருமுறை குனிந்து பாருங்கள். நூலோ, முடியோ, பாய்க் கோரையோ, நீங்கள் பெருமையாக விரித்த ஏதோ ஒன்று அங்கே கிடக்கும்.

போன வாரம் முசரவாக்கம் போனேன். அஞ்சலை ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வலை அடித்து, நிழல் போட்டு, இரண்டுக்கும் ஒரு தனி வீடே கட்டியிருந்தாள். இரண்டும் கொழுத்திருந்தன. ஒன்றன் தோளில் ஒன்று தலையை வைத்துப் படுத்திருந்தன. நான் குனிந்து, "டேய் மாப்பிள்ளை" என்று கையை நீட்டினேன்.

பொண்ணு வந்து விரலை மோந்தது. என் விரலில் எந்நேரமும் சாய வாசனை இருக்கும். மோந்த வேகத்தில் திரும்பி, பின்னங்காலால் மண்ணை உதறிவிட்டுப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மாப்பிள்ளையும் எழுந்துபோய் அதன் பக்கத்தில், அதேபோல் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. முயலுக்கு ஒருத்தரைப் பிடிக்காவிட்டால் இப்படித்தான் செய்யும்.

அஞ்சலைக்குச் சங்கடமாகிவிட்டது. "மறந்துடுச்சு போல இருக்குதுக்கா" என்றாள்.

"மறக்கல" என்றேன். "நல்லா ஞாபகம் வெச்சிக்கினு இருக்குது."

மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, என் முகத்துக்கு நேராக, நாலு புழுக்கை போட்டது. பெரிசு பெரிசாக, தனித்தனியாக.